லேப்டாப்புக்குள் ஒரு சர்வர் ரூம்!

தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற மெஷின் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து, 'சர்வர் அட்மின் ஆகணும்'னு கனவு காண்கிறீர்களா? சர்வர் வாங்கக் காசில்லையே என்ற கவலை வேண்டாம். உங்க லேப்டாப்பே போதும்!

சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் தாண்டினால் தென்காசி. பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ ஆபீஸ் இருப்பது தெரியும்தானே? அந்தக் கம்பெனியின் 'ஆப்மேனேஜர்' ஒரு மேனேஜ்மென்ட் சர்வர். நெட்வொர்க்கில் எந்த மெஷின் படுத்துவிட்டது, எதில் டிஸ்க் நிரம்புது என்று கண்காணிக்கும். லினக்ஸிலும் ஓடும். இலவசப் பதிப்பும் உண்டு.

முதலில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் உபுண்டு சர்வரை ஏற்றுங்கள். 8 ஜிபி ராம் இருந்தால் பாதியை அதற்குக் கொடுங்கள். நெட்வொர்க்கை 'நாட்' என்றே விட்டுவிட்டால், உங்க சர்வர் மற்ற மெஷின்களைத் தொடும். அவை அனுப்பும் எச்சரிக்கை மட்டும் திரும்பி வராது. நான் ஒரு நாள் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டது இதில்தான். 'பிரிட்ஜ்டு'க்கு மாற்றி, நிலையான ஐ.பி. கொடுங்கள். மற்ற மெஷின்களில் எஸ்.என்.எம்.பி.யை ஆன் செய்யுங்கள்.

எதை மாற்றும் முன்னும் ஒரு ஸ்நாப்ஷாட் எடுங்கள். சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனா அது பேக்கப் இல்லை பாஸ்! ஹார்ட் டிஸ்க் போனால் ஸ்நாப்ஷாட்டும் சேர்ந்தே போகும். வெளி டிஸ்க்கில் ஒரு காப்பி வையுங்கள்.

இன்டர்வியூவில் 'சர்வர் பார்த்திருக்கியா?' என்று கேட்டால், 'மூணு தடவை உடைச்சு, மூணு தடவையும் நிமிர்த்தியிருக்கேன் சார்' என்று சொல்லுங்க. எந்த சர்டிபிகேட்டும் அதற்கு ஈடாகாது!