பெட்டகத்துப் பாயும் பிரதேச சபையும்



பிரதேச சபை என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? குப்பை வண்டி, தெரு விளக்கு, வடிகான், சோலை வரி. கலை, கலாசாரம் என்ற சொற்களை அந்தக் கட்டடத்தோடு சேர்த்து நாம் நினைப்பதேயில்லை. "அதெல்லாம் பிரதேச செயலகத்து வேலை" என்று விட்டுவிடுகிறோம்.

சாஹித்திய விழாவும் கலாசாரப் பேரவையும் செயலகத்தோடு சேர்ந்தவை என்பது உண்மைதான். ஆனால் ஊரின் பொது நூலகமும் மண்டபமும் விளையாட்டு மைதானமும் பெரும்பாலும் சபையின் கையில் உள்ளவை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், மக்களின் வசதியையும் நலனையும் பேணி வளர்ப்பதைச் சபையின் பொறுப்பாகவே சொல்கிறது. ஆகவே, ஒரு சபை தன் ஊர்க் கலைகளுக்கு நீண்ட காலத் திட்டமொன்றை வகுத்தால் அது வேண்டாத வேலையல்ல.

எப்படிப்பட்ட திட்டம் என்பதுதான் கேள்வி. ஒரு மண்டபம், ஒரு மேடை, வருடத்தில் ஒரு விழா, நாலு பேருக்குப் பொன்னாடை. பல இடங்களில் கலாசாரத் திட்டம் இதோடு முடிந்து போகிறது. அந்த மேடையில் களிகம்பு அடிப்பார்கள், றபான் ஒலிக்கும். நல்லது, அவையும் வாழ வேண்டும். ஆனால் பெண்களின் கலைகள் எங்கே?

நம் பெண்களின் கலைகள் மேடையில் பிறந்தவையல்ல, வீட்டுக்குள்ளே பிறந்தவை. கிழக்கிலங்கையில் மூத்தம்மாமார் பன் வெட்டி, உலர்த்தி, சாயம் காய்ச்சி இழைத்த பாய்கள். தொட்டிலருகே பாடிய தாலாட்டு. வயலையும் வாழ்க்கையையும் நாலே வரியில் சொல்லிவிடும் கவிகள். தெற்கே காலி, வெலிகமைப் பக்கம் றேந்தைப் பின்னல். இவற்றுக்குத் திரையும் ஒலிபெருக்கியும் தேவைப்படவில்லை. அதனாலேயே விழாக்களின் கணக்கிலும் இவை வரவில்லை. பெட்டகத்தில் மடித்து வைத்த கலியாணப் பாய் இன்னும் இருக்கலாம். அதன் கோலத்தை இழைக்கத் தெரிந்த கை இருக்கிறதா?

பாய் இழைப்பதை அற்பமான தொழில் என்று எண்ணிவிடாதீர்கள். கண்டிப் பகுதியில், தும்பறையின் பாய் நெசவுக் கலையை 2021இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது. ஒரு சிறிய சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகக் கைவிடாமல் காத்ததனால் கிடைத்த மதிப்பு அது. நம் மூத்தம்மாவின் பன்பாய் பற்றி ஊர் நூலகத்திலே ஒரு பக்கக் குறிப்பாவது உண்டா?

இன்னொன்றையும் கவனியுங்கள். பாய்க்குப் பன் வேண்டும். பன்னுக்கு ஈர நிலம் வேண்டும். சதுப்பு நிலத்தை மண் போட்டு நிரப்பிக் கட்டடம் கட்டிவிட்டுப் பாய் இழைக்கப் பயிற்சி வகுப்பு நடத்துவதில் என்ன பயன்? கட்டடங்களுக்கு அனுமதி தரும் சபையே பன் முளைக்கும் நிலத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தொலைநோக்கு என்பது இதுதான்.

காலக் கணக்கும் உண்டு. சபையின் வரவு செலவுத் திட்டம் ஒரு வருடத்துக்கு. சபையின் ஆயுள் நான்கு வருடம். ஒரு கை பழகி, அது இன்னொரு கைக்குக் கற்றுக் கொடுப்பதற்கு அதைவிடக் கூடுதலான காலம் வேண்டும். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை பெரும்பாலான சபைகள் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே நடந்ததை நாம் கண்டோம். தவிசாளர் ஒருவரின் ஆர்வத்தை மட்டும் நம்பிய திட்டம் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். எழுதி, நிறைவேற்றி, வருடா வருடம் பணம் ஒதுக்கிய திட்டமே நிலைக்கும்.

"இதையெல்லாம் யார் கேட்பது?" என்கிறீர்களா? நீங்கள்தான்! முன்பு உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இருக்கவில்லை. 25 வீத ஒதுக்கீடு சட்டமாகி, 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தபின் அது 20 வீதத்தைத் தாண்டியது. உங்கள் சபையிலும் பெண் உறுப்பினர் இருப்பார். அவரைச் சந்தித்து இவற்றைக் கேளுங்கள்:

ஒன்று: பாய், நெசவு, பின்னல், கவி தெரிந்த மூத்த பெண்களின் பெயர்ப் பட்டியல் வட்டாரந்தோறும் தயாராகட்டும்.

இரண்டு: பொது நூலகத்தில் வாரத்தில் ஒரு பொழுது பெண்களுக்கென ஒதுக்கப்படட்டும். மூத்தவர் சொல்ல, இளையவர் எழுதட்டும். குரலைப் பதிவு செய்வதானால் அவர் சம்மதம் வேண்டும். குரல் வெளியே போவதை விரும்பாதவரின் பாட்டு எழுத்திலாவது நிற்கட்டும். எதிலும் சொன்னவரின் பெயர் மறையக் கூடாது.

மூன்று: கற்றுக் கொடுப்பவருக்குப் பொன்னாடைக்குப் பதிலாக ஊதியம் கொடுக்கட்டும்.

கலைக்கென என்ன ஒதுக்கினார்கள் என்று தெரியவில்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீங்கள் சபையிடம் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அதுவரை கைகட்டி இருக்க வேண்டாம். இந்த மாதமே ஒரு கொப்பி வாங்குங்கள். உங்கள் வீட்டில் மிக மூத்த பெண்ணிடம், அவருக்குத் தெரிந்த ஒரு பாட்டை, ஒரு பாய்க் கோலத்தின் பெயரைக் கேட்டு, மகளைக் கொண்டு எழுதுவியுங்கள். சபைக்கு நீங்கள் கொண்டு போகும் முதல் ஆவணம் அந்தக் கொப்பியாக இருக்கட்டும்.