கூடி எழுதும் நிரல்

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்தில் ஒரு விவசாயி, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனில் நான்கு மூட்டை யூரியா வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நிமிடத்தில் சங்கத்தின் இருப்பில் நான்கு மூட்டை குறைய வேண்டும். அவர் பெயரில் உள்ள கடன் கணக்கில் தொகை ஏற வேண்டும். கைரேகை வைக்கும் கருவி உர மானியத்துக்கான பதிவை மத்திய அரசின் சர்வருக்கு அனுப்ப வேண்டும். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியின் கணக்கும் இதோடு ஒத்துப்போக வேண்டும். மூன்று வேலை முடிந்து நான்காவது முடியும் முன் நெட் போய்விட்டால்? எழுத்தர் மறுபடியும் பொத்தானை அழுத்தினால், கடன் இரண்டு முறை ஏறிவிடாதா?

இத்தகைய கேள்விகளைச் சமாளிப்பதற்காகவே எழுதப்படும் மென்பொருளை எண்டர்பிரைஸ் அப்ளிகேஷன் என்கிறார்கள். பல பேர், ஒரே கணக்கை, ஒரே நேரத்தில் தொடுவார்கள்; ஆனாலும் கணக்கு பிசகக் கூடாது. ஓர் அலுவலகத்தின் கணினி இன்னோர் அலுவலகத்தின் கணினியிடம் கேட்டுப் பதில் வாங்கும் ஏற்பாடு வலைச்சேவை. டீக்கடையில் யுபிஐ-யில் பத்து ரூபாய் அனுப்பும்போது இரண்டு வங்கிகளின் கணினிகள் நடுவே ஓர் அமைப்பை வைத்துப் பேசிக்கொள்கின்றனவே, அதே வகைதான்.

நாடு முழுவதும் 63,000 கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க ரூ.2,516 கோடித் திட்டத்துக்கு 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான ஒரே மென்பொருள் என்பது அதன் அடிப்படை. வரவேற்க வேண்டிய திட்டம்தான். என் கவலை வேறு. அறந்தாங்கியிலோ பொன்னமராவதியிலோ ஒரு சங்கத்தின் கணக்கு பிசகினால், அந்த மென்பொருளைப் பிரித்துப் பார்த்துப் பிழை இருக்கும் இடத்தைச் சொல்லக்கூடியவர் இந்த மாவட்டத்தில் இருக்கிறாரா?

படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகள் உண்டு, பாலிடெக்னிக்குகள் உண்டு, கலைக் கல்லூரிகளில் பிசிஏ, பிஎஸ்சி கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். ஆனால், அவர்கள் எழுதும் நிரலை ஆசிரியரைத் தவிர வேறு யாரும் படிப்பதில்லை. பல நேரம் ஆசிரியரும் படிப்பதில்லை. இறுதியாண்டு புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கும் வழக்கம் தமிழ்நாட்டில் ஊரறிந்த சங்கதி. ஒருவர் மட்டும் பயன்படுத்தும், ஒருவர் மட்டும் படித்த, தேர்வு முடிந்ததும் அழிக்கப்படும் நிரலில் மேலே சொன்ன யூரியா சிக்கல் வரவே வராது. நெட் நடுவில் அறுவதும், இரண்டு பேர் ஒரே கணத்தில் ஒரே இருப்பைக் கழிப்பதும் நிஜமான பயன்பாட்டில் மட்டுமே எழும். அதைக் கற்றுக்கொள்ள, தன்னைவிட அனுபவமுள்ள நாலு பேர் தன் நிரலைப் படித்து ‘இது தப்பு’ என்று சொல்ல வேண்டும். அந்த நாலு பேர் சென்னையிலும் பெங்களூருவிலும் இருக்கிறார்கள். அதனால்தான் பிள்ளைகளும் அங்கே போகிறார்கள்.

பெருநகரமும் பெரும் முதலீடும் இல்லாமல் இது நடக்காது என்று நினைப்பவர்கள், கோட்டைப்பட்டினத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் தீவைப் பார்க்க வேண்டும். இலங்கையைச் சேர்ந்த சஞ்சீவ வீரவரன, அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். வலைச்சேவைகளுக்கான டபிள்யூஎஸ்டிஎல் தரத்தை வகுத்தவர்களில் ஒருவர். 2001-ல் நாடு திரும்பினார். 2003-ல் லங்கா சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் தொடங்கப்பட்டது. போர் நிறுத்தம் நடப்பில் இருந்தாலும் நாளை என்ன நடக்கும் என்று தெரியாத நாடு அது. அங்கிருந்த இளைஞர்கள், நிரலை யாரும் படித்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள்களை வளர்க்கும் அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் உலகம் முழுவதற்குமான வலைச்சேவை எஞ்சின் ஒன்றை ஜாவாவில் புதிதாக எழுதும் பணியில் முன்னணியில் நின்றார்கள். 2004-ல் அதன் வடிவமைப்புக்காக வெளிநாட்டு நிரலர்கள் கொழும்புக்கு வந்து கூடினார்கள். 2006 மே மாதம் ஆக்சிஸ்2 என்ற அந்த எஞ்சினின் 1.0 பதிப்பு வெளியானது.

இதில் நான் முக்கியமாகக் கருதுவது அந்த வேலை நடந்த முறையை. அப்பாச்சியில் யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். அதை முன்பின் தெரியாத ஒருவர் எல்லோர் கண்ணெதிரே வரிவரியாகப் படித்துக் குறை சொல்வார். திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். தொடர்ந்து நல்ல வேலை செய்பவருக்கு, மற்றவர்கள் வாக்களித்து நேரடியாக எழுதும் உரிமையைத் தருவார்கள். எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. இலங்கையின் மொரட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் இந்த உலையில்தான் உருவானார்கள். கட்டற்ற மென்பொருளில் மாணவர்களைப் பழக்கும் கூகுளின் கோடைக்காலத் திட்டம் 2005-ல் தொடங்கியது. அதன் முதல் பத்தாண்டுகளில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது மொரட்டுவைதான். 2005-ல் வீரவரன தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 நிறுவனத்தை 2024-ல் ஈக்யூடி என்ற முதலீட்டு நிறுவனம் 60 கோடி டாலருக்கும் அதிகமான மதிப்பில் வாங்க முன்வந்தது. முதலில் கூட்டம் உருவானது. நிறுவனம் அதற்குப் பின்னால் வந்தது. நம் ஊரில் நாம் இதைத் தலைகீழாகச் செய்யப் பார்க்கிறோம்: முதலில் கட்டடம், பிறகு நிறுவனம், ஆட்கள் எங்கிருந்தோ வருவார்கள் என்று.

தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையில் ஸோஹோ மென்பொருள் நிறுவனம் 2011-ல் இருந்து செய்துவருவதை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. பட்டம் இல்லாத கிராமத்துப் பிள்ளைகளும் உலகத் தரத்தில் நிரல் எழுத முடியும் என்று அது காட்டிவிட்டது. ஆனாலும், ஒரு நிறுவனத்துக்குள் பெற்ற அறிவு அந்த நிறுவனத்தின் சொத்து. பக்கத்துக் கடன் சங்கத்துக்கு அது வராது. விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஞாயிறுதோறும் கூடிக் கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகக் கற்றுத்தருகிறதே, புதுக்கோட்டைக்கு அதுதான் இன்னும் நெருக்கமான முன்மாதிரி. 2012 முதல் கணியம் இதழ் இந்த நுட்பங்களைத் தமிழிலேயே எழுதிக் குவித்துவைத்திருக்கிறது. ஆங்கிலம்தான் தடை என்ற சாக்கும் பாதி உடைந்துவிட்டது.

மேலும், கூடிக் கற்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1991-ல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் இங்கே நடந்தபோது, சம்பளமில்லாத தொண்டர்கள் மாலை நேரத்தில் தெருவிளக்கடியில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த இயக்கத்தின் வழியே சைக்கிள் ஓட்டக் கற்ற பெண்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். கற்றவர் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்தார். கல் குவாரிப் பெண்கள் குழுவாகக் குத்தகையே எடுத்து நடத்தினார்கள். 2015 அக்டோபர் 11-ல் புதுக்கோட்டையில் நடந்த வலைப்பதிவர் திருவிழாவும் அந்த மரபில் வந்ததுதான். கவிஞர் நா. முத்துநிலவன் போன்றவர்கள் முன்னின்ற கணினித் தமிழ்ச் சங்கம் பள்ளி ஆசிரியர்களை வலைப்பூ எழுத வைத்தது. எழுத்தில் செய்ததை நிரலில் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தரும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். நிரலை அது வேகமாகவே எழுதித் தரும். ஆனால், ‘நெட் போனால் கடன் இரண்டு முறை ஏறுமா’ என்ற கேள்வியை, சங்கத்துக் கவுன்டரில் நின்று பார்த்த ஒருவர்தான் கேட்க முடியும். எழுதுவது எளிதாகும்போது, படித்துப் பிழை காண்பவரின் தேவை கூடுகிறது.

இன்னொரு எதிர்க்கேள்வி நியாயமானது. கூடி எழுதும் நிரலை இலவச உழைப்பாகச் சுரண்டுகிறார்களே? உண்மைதான். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற கட்டற்ற மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, உலகின் பெருநிறுவனங்கள் எல்லாம் ஒரு சில தன்னார்வலர்களின் ஓய்வு நேரத்தை நம்பி ஓடிக்கொண்டிருந்தது அம்பலமானது. ஆகவே, தொண்டு மனம் மட்டும் போதாது, கூலியும் வேண்டும். அரசுத் துறைகளுக்காக மாவட்ட அளவில் எழுதப்படும் மென்பொருளின் நிரல் பொதுவில் திறக்கப்பட வேண்டும் என்பதை ஒப்பந்த நிபந்தனையாக்கலாம். அதைப் பராமரிக்கும் வேலையை உள்ளூர் நிரலர்களுக்குப் பணம் கொடுத்துத் தரலாம். கல்லூரிகள், கட்டற்ற மென்பொருள் ஒன்றில் ஏற்கப்பட்ட திருத்தத்தை இறுதியாண்டுப் புராஜெக்டாக ஏற்றுக்கொள்ளலாம். காசு கொடுத்து வாங்கும் வழக்கம் அதனாலேயே பெருமளவு நின்றுவிடும்.

வேலையைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. கீரமங்கலம் பூ கமிஷன் கடைகளின் அன்றாடக் கணக்கு இருக்கிறது. ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகளின் கடல் அனுமதி டோக்கன் இருக்கிறது. ஆனால், முதலில் எடுக்க வேண்டியது புயல் நிவாரணப் பதிவேடு என்பேன். 2018 நவம்பர் 16 கஜா புயலில் ஆலங்குடி, அறந்தாங்கிப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. யாருக்கு எத்தனை மரம் போயிற்று, யாருக்குத் தார்ப்பாய் கிடைத்தது, யாருக்கு இழப்பீடு வந்தது என்பதை ஒரே இடத்தில், பிசகில்லாமல் பதிவதுதான் எண்டர்பிரைஸ் அப்ளிகேஷனின் கடினமான தேர்வு. 2004 சுனாமி வந்த சில வாரங்களுக்குள் கொழும்பின் தன்னார்வ நிரலர்கள் இதே தேவைக்காக சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். 2005-ல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010-ல் ஹைட்டி நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. அதன் நிரல் இன்றும் திறந்தே இருக்கிறது. அதை இறக்கி, பிரித்துப் படித்து, மணமேல்குடி, ஆவுடையார்கோவில் வட்டங்களின் கிராமப் பட்டியலோடு தமிழில் ஓடவைக்கும் வேலையை, அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் பத்து மாணவர்களும் இரண்டு வருவாய்த் துறை ஊழியர்களும் சேர்ந்து தொடங்கிவிடலாம்.