பிக்கப் கட்சியும் மைலேஜ் கட்சியும்

கார் வாங்கப் போகிற வீட்டில் எப்போதும் இரண்டு கட்சிகள் உண்டு. ஒன்று, பிக்கப் கட்சி. "மிதித்தால் பறக்க வேண்டாமா? மேட்டில் முக்கி முனகிக் கொண்டு ஏறுகிற வண்டி எதற்கு?" என்பது அதன் கோஷம். பிள்ளைகள் இதன் பகிரங்க அங்கத்தினர்கள். அப்பா ரகசிய அங்கத்தினர். மற்றொன்று, மைலேஜ் கட்சி. "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?" என்பதைத் தவிர அதற்கு வேறு கேள்வியே கிடையாது. தாத்தாதான் தலைவர், செயலாளர், பொக்கிஷதார் எல்லாம்.

இரண்டு கட்சிக்கும் நடுவில், மாதக் கணக்கு நோட்டைக் கையில் வைத்துக் கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். இன்று பல வீடுகளில் வண்டியை ஓட்டுகிறவளும் அவள்தான். ஆகவே தீர்ப்புச் சொல்ல வேண்டிய நீதிபதியும் அவளே. வழக்கு இன்னதென்று புரியாமல் தீர்ப்புச் சொல்ல முடியுமா? இந்த வாரம் அதைக் கொஞ்சம் அலசிப் பார்ப்போம்.

அண்டாவில் ஒரு டம்ளர் பால்

பெட்ரோலில் இருக்கும் வெப்பம் முழுவதும் காரை ஓட்டுகிறது என்று நினைத்தால் ஏமாந்து போவோம். மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே அதிருஷ்டம். மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் ஊரைச் சுட வைக்கப் போய்விடுகிறது. 1876-ல் ஜெர்மனியில் நிக்கோலஸ் ஆட்டோ என்பவர் உறிஞ்சுதல், அழுத்துதல், எரித்தல், வெளியே தள்ளுதல் என்ற நாலு வேலையையும் ஒரே ஸிலிண்டருக்குள் செய்கிற எஞ்சினை உருவாக்கினார். அன்று முதல் இன்று வரை எஞ்சின் நிபுணர்களுக்கு உள்ள தலைவலி, இந்த வீண் செலவை எப்படிக் குறைப்பது என்பதுதான்.

சமதரையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற சிறிய காருக்குப் பத்துக் குதிரை சக்தி கூட வேண்டாம். ஆனால் அதே கார், ஐந்து பேர், பெட்டி படுக்கை, ஏ.ஸி. சகிதமாகக் கொடைக்கானல் மலை ஏறும்போதும், நெடுஞ்சாலையில் ஒரு லாரியைத் தாண்டும்போதும், அதைப் போல் பல மடங்கு கேட்கும். அந்த ஐந்து நிமிஷத்துக்காகப் பெரிய எஞ்சினை வைத்து விட்டால் மற்ற நேரமெல்லாம் என்ன ஆகும்? கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாவில் தினம் ஒரு டம்ளர் பால் காய்ச்சுகிற கதைதான். அண்டா சூடாவதற்கே பாதி நெருப்புப் போய்விடும்.

இதில் இன்னொரு சங்கடமும் சேர்கிறது. மெதுவாகப் போகும்போது பெட்ரோல் எஞ்சினுக்குள் காற்றுப் போகிற வழியை ஒரு தகடு முக்கால்வாசி மூடிக் கொள்கிறது. அந்த இடுக்கு வழியாக எஞ்சின் காற்றை உறிஞ்ச வேண்டும். இளநீர் குடிக்கிற குழாயை இரண்டு விரலால் நசுக்கிக் கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், கன்னம் வலிக்கும். பெரிய எஞ்சின் ஊருக்குள் ஊர்ந்து போகும்போது நாள் முழுவதும் இப்படித்தான் கன்னம் வலிக்க உறிஞ்சிக் கொண்டிருக்கிறது. அதற்கும் சேர்த்து நாம் பெட்ரோல் போடுகிறோம்.

சின்ன அடுப்பும் ஊதுகுழலும்

அப்படியானால் சின்ன எஞ்சினை வைத்துக் கொண்டு, வேண்டும்போது மட்டும் அதைப் பெரிய எஞ்சினாக்க முடியுமா? விறகடுப்பில் சமைத்த நம் பாட்டிமாருக்கு இதற்குப் பதில் தெரியும். ஊதுகுழலை எடுத்து நாலு ஊது ஊதினால் சின்ன அடுப்பும் பெரிய அடுப்பாகிவிடும்!

டர்போ என்று சொல்கிறார்களே, அது இந்த ஊதுகுழல்தான். யார் மூச்சைப் பிடித்து ஊதுவது என்ற கேள்விக்கு 1905-ல் ஸ்விட்ஸர்லாந்து எஞ்சினியர் ஆல்பிரட் பூக்கி வழி சொல்லிப் பேடண்ட் வாங்கினார். வெளியே வீணாகப் போகிற புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றட்டும். அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கட்டும். காற்று அதிகம் போனால் அதிகப் பெட்ரோலை எரிக்கலாம், சக்தியும் அதிகமாகும்.

சொல்வது சுலபம். காற்றைத் திணித்து அழுத்தினால் அது கொதித்துப் போய், பெட்ரோல் தான் எரிய வேண்டிய சமயத்துக்கு முன்பே 'டக டக' என்று வெடிக்கத் தொடங்கும். மெக்கானிக்குகள் நாக்கிங் என்பார்கள். எஞ்சினுக்கு அது எமன். 1962-ல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்பயர் என்ற டர்போ கார் வந்தது. நாக்கிங்கைத் தடுக்க அந்தக் காரில் பெட்ரோலைத் தவிர, சுத்தமான தண்ணீரும் மெதில் ஆல்கஹாலும் கலந்த ஒரு திரவத்தையும் தனிப் பாத்திரத்தில் ஊற்றி வைக்க வேண்டும். அதை ஊற்ற மறந்து விட்டால் ஊதுகுழல் ஓய்ந்து விடும். காரின் பறக்கும் சக்தியும் போய்விடும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேளா வேளைக்கு மருந்து கொடுப்பதே பெரும்பாடு. காருக்கும் மருந்து கொடுக்க யாரால் முடியும்? அடுத்த வருஷத்தோடு அந்தக் கார் நின்று போயிற்று.

இப்போது அந்த மருந்தின் வேலையைப் பெட்ரோலே செய்து விடுகிறது. ஸிலிண்டருக்குள் நேராகப் பெட்ரோலைத் தூவுகிறார்கள். தூவிய திவலை ஆவியாகும்போது உள்ளே இருக்கும் காற்றைக் குளிர வைக்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தானே? நாக்கிங் ஆரம்பித்தால் உடனே காதில் போட்டுக் கொண்டு, பொறி விழும் நேரத்தைத் தள்ளி வைக்கச் சின்ன மின்சாரக் காதும் இருக்கிறது.

இதன் பலனைப் பார்க்க நாம் அமெரிக்கா போக வேண்டாம். நம் தகப்பனார் காலத்து அம்பாஸிடரின் பெட்ரோல் எஞ்சின் 1489 சி.சி.; சக்தி ஐம்பது குதிரையைச் சுற்றித்தான் இருந்தது. 2013-ல் சென்னைக்கு அடுத்த மறைமலைநகரில் செய்த போர்டு ஈக்கோஸ்போர்ட்டில் ஒரு டர்போ எஞ்சின் வந்தது. மூன்றே ஸிலிண்டர், 999 சி.சி., சக்தி 125 குதிரை! அளவு மூன்றில் இரண்டு பங்கு. சக்தி இரண்டு மடங்குக்கு மேல். அதன் ஊதுகுழல் நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக் கூடியது. அந்தத் தொழிற்சாலையில் கார் செய்வது 2022-ல் நின்று விட்டது. ஆனால் அந்தச் சின்ன எஞ்சின் கற்றுக் கொடுத்த பாடத்தை எல்லாக் கம்பெனிகளும் படித்துக் கொண்டன.

பிக்கப் கட்சியார் கைதட்டுவதற்கு முன் ஒரு வார்த்தை. ஊதாதபோது சின்ன அடுப்பு. ஊதினால் பெரிய அடுப்பு. ஓயாமல் ஊதிக் கொண்டே இருந்தால் விறகும் அதற்குத் தகுந்தபடி எரியத்தான் செய்யும். ரொம்பவும் விரட்டினால், எஞ்சினின் சூட்டைத் தணிப்பதற்கென்றே பல டர்போ எஞ்சின்கள் கொஞ்சம் அதிகப்படி பெட்ரோலையும் குடிக்கும். சக்தியும் சிக்கனமும் ஒரே நிமிஷத்தில் கிடைப்பதில்லை; வேறு வேறு நிமிஷத்தில் கிடைக்கின்றன. நவீன எஞ்சினின் சாமர்த்தியம் எல்லாம் இவ்வளவுதான். வார நாளில் ரசம் சாதம், பண்டிகை நாளில் பாயசம் வடை என்று நடத்துகிற நல்ல குடித்தனம் மாதிரி.

மூன்றாம் பால் எடுக்கிற எஞ்சின்

வேறு வழிகளும் உண்டு. நாலு ஸிலிண்டரில் வேலை இல்லாதபோது இரண்டுக்கு ஓய்வு கொடுப்பது ஒன்று. 1981-ல் அமெரிக்காவின் காடிலாக் கம்பெனி எட்டு ஸிலிண்டர் எஞ்சினை ஆறாகவும் நாலாகவும் மாற்றிக் கொள்கிற வண்டியை விற்றுப் பார்த்தது. உத்தரவு போடுகிற மின்சார மூளை அந்தக் காலத்தில் மந்த புத்தி. வண்டி திக்கித் திணறி, வாங்கினவர்கள் கோபித்துக் கொண்டார்கள். மூளை கூர்மையான பிறகு 2012-ல் போக்ஸ்வாகன் கம்பெனி நாலு ஸிலிண்டரில் இரண்டை உறங்க வைத்தது. ஓட்டுகிறவருக்குத் தெரியக் கூட இல்லை.

இன்னொரு வழி நம் சமையலறைக்கு ரொம்பப் பழக்கமானது. தேங்காயை ஒரு முறை பிழிந்து எறிந்து விடுகிறோமா? இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுத்த பிறகுதானே சக்கையைப் போடுகிறோம்? சாதாரண எஞ்சின் முதல் பாலோடு சக்கையை எறிந்து விடுகிறது. எரிந்த வாயுவுக்கு இன்னும் தள்ளுகிற தெம்பு இருக்கும்போதே வெளியே விரட்டி விடுகிறது. 1880-களில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் அட்கின்ஸன், அழுத்துகிற தூரத்தைக் குறைத்து, விரிகிற தூரத்தை நீட்டிக் கடைசிச் சொட்டு வரை பிழியலாம் என்று காட்டினார். சிக்கனம் உண்டு; ஆனால் ஒவ்வொரு தடவையும் உள்ளே தங்குகிற காற்றுக் குறைவு என்பதால் சக்தி குறைந்தது. நூறு வருஷத்துக்கு மேல் அந்த யோசனையைக் கார்க்காரர்கள் அவ்வளவாகச் சீந்தவில்லை.

1997-ல் ஜப்பானில் டொயோட்டா கம்பெனி பிரையஸ் என்ற காரில் இந்த எஞ்சினுக்குத் துணையாக ஒரு மின்சார மோட்டாரைச் சேர்த்தது. எஞ்சின் சோம்பும்போது மோட்டார் கை கொடுக்கும். பிரேக் போடும்போது வீணாகிற சக்தியை மோட்டாரே மின்சாரமாக்கி பாட்டரியில் சேர்த்து வைக்கும். இதுதான் ஹைபிரிட். 2015-ல் வந்த பிரையஸ் எஞ்சின், தனக்குத் தோதான வேகத்தில், பெட்ரோலின் வெப்பத்தில் நூற்றுக்கு 40 பங்கை வேலையாக மாற்றியது.

கணக்கு நோட்டைத் திறங்கள்

இனிப் பணத்துக்கு வருவோம். 2022-ல் மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் வந்தபோது, ஒரே உடம்புக்கு இரண்டு விதமான இருதயம் வைத்து விற்றார்கள். கையால் கியர் மாற்றுகிற சாதாரண வண்டிக்குச் சோதனையில் கிடைத்தது லிட்டருக்கு 21.11 கிலோமீட்டர். அட்கின்ஸன் முறை எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் வண்டிக்கு 27.97.

மைலேஜ் கட்சித் தலைவர் துள்ளிக் குதிப்பார். அவரை உட்காரச் சொல்லி விட்டுப் பென்ஸிலை எடுங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் முதல் வண்டிக்கு ஏறக்குறைய 47 லிட்டர். இரண்டாவதற்கு 36 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மிச்சம் பதினொன்றரை லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக் கொண்டால் வருஷத்துக்கு ஏறக்குறைய 14,000 ரூபாய். ஹைபிரிட் வண்டிக்கு இரண்டு லட்சம் அதிகம் கொடுத்திருந்தால், அதைத் திரும்பப் பிடிக்கப் பதினாலு வருஷம் ஆகும்! மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடுகிற வீட்டுக்கு ஆறு வருஷம் போதும். அதுவும் நெரிசலில் நின்று நின்று போகிற நகரத்தில் ஹைபிரிட்டுக்கு ஆதாயம் அதிகம்; ஒரே சீராகப் போகிற நெடுஞ்சாலையில் குறைவு.

சோதனை எண்ணை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். அந்தச் சோதனை உருளைகளின் மேல் வண்டியை ஓடவிட்டு நடக்கிறது. அங்கே மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கிடையாது. குறுக்கே மாடும் வராது. மேலும், இப்போது பங்க்கில் கிடைப்பது நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே கலவையில் நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கு குறைகிறது. எத்தனால் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும் என்பதால், அதற்கென்றே செய்த எஞ்சின் அந்த நஷ்டத்தில் கொஞ்சம் ஈடு கட்டிக் கொள்ளும். பழைய எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை.

வரியும் ஒரு கட்சிதான். நாலு மீட்டர் நீளத்துக்கும், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்கும், டீஸல் என்றால் 1,500 சி.சி.க்கும் உள்பட்ட காருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 18. அதற்கு மேற்பட்ட பெட்ரோல், டீஸல் கார்களுக்கு 40. நம் ஊரில் ஒரு லிட்டர், 1.2 லிட்டர் டர்போக்கள் பெருகியதன் ரகசியத்தில் பாதி எஞ்சின் சாஸ்திரம்; பாதி வரிச் சாஸ்திரம்.

தீர்ப்பு

உங்கள் மாதத்தில் எத்தனை பண்டிகை நாள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். பள்ளிக்கூடம், கடை, கோயில் என்று ஊருக்குள்ளேயே சுற்றி, மாதம் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடுகிற வீட்டுக்கு டர்போ இல்லாத சாதாரணச் சின்ன எஞ்சின் தாராளம். விலையும் குறைவு, ரிப்பேரும் சுலபம். மாதம் இரண்டு தடவை குடும்பத்தோடு நெடுஞ்சாலை, மலைப் பாதை என்று போகிறவர்களுக்குச் சின்ன டர்போ நல்லது. அதற்கு உரிய எண்ணெயை உரிய காலத்தில் மாற்ற வேண்டும், வேகமாக ஓடி வந்து நிறுத்தினால் அரை நிமிஷம் விட்டு எஞ்சினை அணைக்க வேண்டும். தினமும் நகர நெரிசலில் வெகு தூரம் போய் வருகிறவர்கள் ஹைபிரிட் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

எந்த வண்டியானாலும் கடைசிப் பங்கு ஓட்டுகிறவரின் பாதத்தில் இருக்கிறது. 80 கிலோமீட்டரிலிருந்து 100-க்குப் போனால் எதிர்க் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. டயரில் காற்றுக் குறைந்தாலும், சிவப்பு விளக்கை நோக்கி விரட்டிக் கொண்டு போய் பிரேக் போட்டாலும் பெட்ரோல்தான் போகும்.

கடைக்காரர் ஓட்டிப் பார்க்க வண்டி கொடுக்கும்போது தனியாகப் போகாதீர்கள். இரண்டு கட்சிக்காரர்களையும் பின் ஸீட்டில் ஏற்றி, ஏ.ஸி.யைப் போட்டு, ஒரு மேம்பாலத்தின் மேல் ஓட்டிப் பாருங்கள். வண்டி முனகாமல் ஏறினால் பிக்கப் கட்சிக்கு அதுவே போதும். மைலேஜ் கட்சிக்குப் பதில், வீட்டுக்கு வந்து நோட்டில் நீங்கள் போடுகிற கணக்கு.