முனி ஐயாவுக்கு ஒரு போத்தல் போதும்

கிள்ளான் பக்கம் ஆடிப் படையல் நெருங்குது, அதனால நேராவே சொல்றோம்.

"எங்க ஐயாவுக்கு ஸ்டவுட்தான் பிடிக்கும், வேற பீர் வச்சா கோவிச்சுக்குவாரு"ன்னு வருசா வருசம் சண்டை. ஐயா எப்பங்க சொன்னாரு? தோட்டத்துல நம்ம பாட்டன்மார் முனிக்கு வச்சது கள்ளும் சுருட்டும். சுங்கைவேயில கின்னஸ் ஆலை வந்ததே 1960-களில்தான். ஷா ஆலாமில் கார்ல்ஸ்பெர்க் காய்ச்சத் தொடங்கியது 1972-ல். கறுப்பா, மஞ்சளாங்கிறது நம்ம நாக்கு பழகின ருசி. அதை ஐயா தலையில கட்டாதீங்க.

படையலையே நிறுத்தணும்னு சொல்றவங்களோடயும் எங்களுக்கு உடன்பாடு இல்ல. காவல் தெய்வத்தைச் சைவமாக்க நாம யாரு? ஒரு போத்தல் திறந்து வைங்க, மண்ணுல ஊத்துங்க, முடிஞ்சது. அப்புறம் எதுக்கு ரெண்டு பெட்டி? பூசை முடிஞ்சதும் 'பிரசாதம்'னு பையன்களுக்கு ஊத்தறீங்க, அவங்க அப்படியே மோட்டார் ஏறி ஃபெடரல் ஹைவேக்குப் போறாங்க. 100 மில்லி ரத்தத்துல 50 மில்லிகிராம்தான் எல்லைன்னு 2020-ல சட்டத்தை இறுக்கிட்டாங்க. ரோட் பிளாக்குல முனி பேரையா சொல்லப் போறீங்க?

இந்த வருசம் பெட்டி வந்தா வாசல்லயே நிறுத்திடுவோம். மறுநாள் காலையில டின் பொறுக்குறது நாங்கதான்.