கழற்றச் சொல்வதற்கு முன்

2023 ஜனவரி தொடக்கத்தில் பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்தில் நடந்தது விமான நிலையப் பாதுகாப்புப் பணியில் இருக்கும் நம்மில் பலருக்கும் நினைவிருக்கும். பாதுகாப்புச் சோதனையில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், உள்சட்டையோடு எல்லோர் கண்ணெதிரிலும் நிற்க நேர்ந்தது என்று ஓர் இளம் பெண் இசைக்கலைஞர் சமூக ஊடகத்தில் எழுதினார். இப்படி நடந்திருக்கக் கூடாது என்று நிலைய நிர்வாகம் வருத்தம் தெரிவித்தது. அவர் போட்டிருந்தது மணிகளும் ஒட்டுகளும் தைத்த ஜாக்கெட் என்று மத்திய தொழில் பாதுகாப்புப் படைத் தரப்பிலிருந்து விளக்கம் வந்தது. சட்டையா ஜாக்கெட்டா என்ற வாதம் சில நாள் ஓடி அடங்கிவிட்டது.

சோதனை செய்யும் இடத்தில் நிற்கும் நமக்கு அந்த வாதத்தால் பயன் இல்லை. ஜாக்கெட் என்றே வைத்துக்கொள்வோம். அதை ட்ரேயில் போடச் சொல்வதற்கு முன், "உள்ளே என்ன போட்டிருக்கிறீர்கள், இங்கே கழற்றலாமா?" என்று தாழ்ந்த குரலில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்; திரை போட்ட பூத் அங்கேயே இருக்கிறது. பெண்களைப் பெண்களே பூத்துக்குள் வைத்துத்தான் சோதிக்க வேண்டும் என்ற விதி நமக்கு மனப்பாடம். ஆனால் ட்ரே பக்கத்தில் நடப்பதை நாம் சோதனையாகவே கணக்கில் எடுப்பதில்லை. அவமானம் பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது.

சோதனை வேண்டுமா என்ற கேள்விக்கே இடமில்லை. 1984 ஆகஸ்ட் 2 அன்று சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பெட்டியில் வந்த குண்டு 30 பேருக்கு மேல் உயிரைக் குடித்தது. அடுத்த ஆண்டு ஜூனில், பயணி ஏறாமல் பெட்டி மட்டும் ஏறியதால் ஏர் இந்தியா கனிஷ்கா விமானத்தில் 329 பேர் மாண்டார்கள். 1999 டிசம்பரில் காத்மாண்டு விமானக் கடத்தல். அதற்கு அடுத்த ஆண்டுதான் ஜெய்ப்பூரில் தொடங்கி, விமான நிலையங்கள் ஒவ்வொன்றாக மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் பொறுப்புக்கு வந்தன. நாம் தேடுவது ஆயுதத்தையும் வெடிபொருளையும். அதைத் தேட எவ்வளவு தேவையோ அவ்வளவே நம் உரிமை.

அந்த அளவோடு நிற்பது நம் பெருந்தன்மையைப் பொறுத்த விஷயமும் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். வழக்கைத் தொடுத்தவர் நம் பெங்களூருக்காரர், கர்நாடக உயர் நீதிமன்ற ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. அந்த உரிமையில் அரசு கை வைத்தால் அதற்குச் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தலையீடு நோக்கத்துக்கு மிஞ்சாமல் இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. முதல் இரண்டும் நம்மிடம் இருக்கின்றன. மூன்றாவதைத் தினம் ஆயிரம் தடவை நிறைவேற்ற வேண்டியவர் டிடெக்டரைக் கையில் பிடித்திருப்பவர்.

பெங்களூருவின் ஆஸ்டின் டவுனிலிருந்தோ நீலசந்திராவிலிருந்தோ மகனைப் பார்க்க முதன்முறையாக விமானம் ஏற வரும் ஓர் அம்மாவை நினைத்துப் பாருங்கள். கைக்கருவி தோளில் கத்துகிறது: முந்தானையில் குத்திய சேஃப்டி பின். மார்பில் கத்துகிறது: தாலியும் ரவிக்கைக் கொக்கியும். காலில் கத்துகிறது: மெட்டி. ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருக்கிறது, தமிழிலும் கன்னடத்திலும். கேள்வி மட்டும் இந்தியில் வருகிறது. பதில் கிடைக்காதபோது கை போகிறது. 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று கேட்ட நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியிடம் நீங்கள் இந்தியரா என்று ஒரு காவலர் கேட்டதாக எழுந்த புகாரை அரசியலாக மட்டும் பார்த்துவிட்டோம். "இது என்ன?", "தொடலாமா?", "உள்ளே வாங்க" என்ற மூன்றையும் கன்னடத்திலும் தமிழிலும் சொல்ல ஒரு காவலருக்கு ஒரு மாலை போதும்.

திருச்சி அருகே 1981-இல் நடந்த விபத்தில் காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று 2021 அக்டோபரில் வேதனையோடு பேசினார். மத்திய தொழில் பாதுகாப்புப் படை மன்னிப்புக் கேட்டது. விதிவிலக்கான சூழலில் மட்டுமே கழற்றச் சொல்ல வேண்டும் என்பதுதான் நடைமுறை என்றும் சொன்னது. அப்படியானால் விதிவிலக்கை வழக்கமாக்கியது யார்? மேலதிகாரி கேட்டால் தற்காப்பாக இருக்கும் என்று கழற்ற வைப்பதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பயத்தைப் போக்க வேண்டியவர்கள் ஷிஃப்ட் பொறுப்பாளர்கள். அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் செயற்கை உறுப்புகளைக் கழற்றச் சொல்லக் கூடாது என்று கூறியது.

இதற்குத் தீர்வாகச் சிலருக்கு மட்டும் தனி அட்டை, விலக்குப் பட்டியல் என்ற வழியில் எனக்கு உடன்பாடில்லை. பட்டியலில் இருந்த முன்னாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமையே 2009 ஏப்ரலில் டெல்லியில் ஓர் அமெரிக்க விமான நிறுவனத்தினர் சோதித்தார்கள். அவர் முகம் சுளிக்காமல் நின்றார். மறுபக்கம், 2025 மார்ச்சில் இதே பெங்களூருவில் 14.2 கிலோ தங்கத்தோடு பிடிபட்ட நடிகை, காவல்துறை மரியாதையைப் பயன்படுத்திச் சோதனையைத் தவிர்த்துவந்தார் என்பது குற்றச்சாட்டு. சுங்கத் துறை விவகாரம்தான், ஆனாலும் சலுகை எப்படி ஓட்டையாகும் என்பதற்கு அதுவே போதும். எல்லோரையும் சோதிப்போம், எல்லோரையும் கேட்டுவிட்டுத் தொடுவோம்.

முக அடையாளம் பற்றித் தனியாக எழுத வேண்டும். முகத்தை அடையாளம் கண்டு பயணியை உள்ளே விடும் டிஜி யாத்ரா 2022 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மூன்று நிலையங்களில் பெங்களூருவும் ஒன்று. அது விருப்பத்தின்பேரில் மட்டுமே. வாசலில் நிற்பவர் பயணியிடம் அதைச் சொல்லாவிட்டால் அந்த விருப்பத்துக்குப் பொருள் இல்லை.

இப்போதைக்கு அவசரம் உடல் ஸ்கேனர். அதை நிறுவும்படி சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் 2019-இலேயே உத்தரவிட்டும் காலக்கெடு தள்ளிக்கொண்டே போனது. அமெரிக்காவில் உடலை அப்படியே காட்டிய எக்ஸ்ரே வகைக் கருவிகள், வெறும் மனித உருவரையை மட்டும் காட்டும்படி மாற்ற முடியாததால் 2013-க்குள் அகற்றப்பட்டன. அங்கே இப்போது இருப்பது மில்லிமீட்டர் அலை வகை. பொதுவான ஓர் உருவத்தில் சந்தேகப்படும் இடத்தைக் கட்டமிட்டுக் காட்டும். நம் நிலையங்களில் பயிற்சி கொடுப்பவர்கள் முதல் நாளே ஒன்றை எழுதிவைக்கட்டும்: கட்டம் கணுக்காலில் விழுந்தால் கை கணுக்காலுக்கு மட்டுமே போக வேண்டும். ஸ்கேனரில் நிறுத்திய பிறகு பழைய பழக்கத்தில் தலை முதல் கால் வரை தடவுவதாக இருந்தால், அந்தக் கருவிக்குச் செலவழிக்கும் பணம் வீண்.