கூறி விற்றலும் குறித்து விற்றலும்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், எம்மோடு பல்லாண்டுகள் ஒரே ஆசிரியர் அறையில் அமர்ந்திருந்து மறைந்த நண்பரொருவரின் மனைவியார் எமது இல்லம் தேடி வந்தார். கையிலே மூன்று தடித்த முத்திரைக் கொப்பிகள். நண்பர் சிறு பராயந்தொட்டுச் சேர்த்தவை.

"தம்பி, இவற்றைக் காசாக்க வேண்டும். மகளின் கடைசி வருடப் படிப்புக்குப் பணம் போதவில்லை. கடைக்காரர் ஒருவர் எல்லாவற்றுக்குமாக முப்பதாயிரம் ரூபா தருவதாகச் சொல்கிறார். கொடுத்துவிடட்டுமா?"

"ஒரு கிழமை பொறுங்கள் அக்கா" என்றோம். முத்திரையைப் பற்றி நாம் அறிந்தது சொற்பமே. ஆயினும் எம்மிடம் கற்ற மாணாக்கர் ஒருவர் இலண்டனிலிருந்து இணையத்தின் வழியே பழைய நூல்களை விற்று வருபவர். அவர் துணையிருக்கும் தைரியத்தில் அப்படிச் சொன்னோம்.

இணையத்திற் பொருளொன்றை விற்க இரு வழிகள் உள. ஏலத்தில் விடுவது ஒன்று. இன்ன விலையென்று குறித்து வைத்துக் காத்திருப்பது மற்றொன்று. குருநகரிலோ பாசையூரிலோ மீன் கரைக்கு வந்ததும் கூறி விற்பதைக் கண்டிராத யாழ்ப்பாணத்தார் இலர். மீனைக் கூறுகிறவர்கள் பனங்கட்டிக் குட்டானைக் கூறுவதில்லை. ஏன்? நேற்றைய மீனின் விலை இன்றைய மீனுக்குப் பொருந்தாது. உச்சிப் பொழுதுக்குள் விற்றாகவும் வேண்டும். பனங்கட்டியோ நாளைக்கும் இருக்கும். அதன் விலையை ஊரே அறியும். ('ஏலம்' என்னும் சொல்லே போர்த்துக்கேயர் எமக்கு விட்டுச் சென்றது. கூறி விற்கும் வழக்கத்தையும் அவர்களே கொணர்ந்தனர் என்று யாரும் மயங்க வேண்டாம்.)

கடற்கரை ஏலத்தைக் கணினிக்குள் கொண்டு சென்றவர்களுள் முதன்மையானவர் கலிபோர்னியாவிலுள்ள சான் ஹொசே நகரில் வாழ்ந்த பியர் ஒமிடியார். 1995ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதத்தில் அவர் தொடங்கிய தளமே பின்னர் 'ஈபே' எனப் பெயர்பெற்றது. அங்கே முதலில் விலைபோன பொருள் பழுதடைந்த லேசர் சுட்டுகோல் ஒன்று, விலை 14.83 டொலர். பழுதானது என்பது தெரியுமாவென்று விற்றவர் வினவ, பழுதான சுட்டுகோல்களையே தாம் சேகரிப்பதாக வாங்கியவர் விடை பகர்ந்தாராம். அத்தகைய ஒருவரை எந்தக் கடைத்தெருவில் தேடிப் பிடிப்பது?

அங்கு ஏலம் நடக்கும் முறை எமது கடற்கரை முறையன்று. கேட்பவர் தாம் கொடுக்கக்கூடிய உச்ச விலையை முன்னரே இரகசியமாகப் பதிந்துவிடுகிறார். ஒருவர் 40 டொலரும் மற்றவர் 25 டொலரும் பதிந்தால், முதலாமவருக்குப் பொருள் கிடைக்கும். ஆனால் அவர் கொடுப்பது 25 டொலருக்குச் சற்று மேலே மட்டுமே. இரண்டாவது கேள்வியே விலையை முடிவு செய்கின்றது. இத்தகைய ஏலத்தில் உண்மையான மதிப்பைச் சொல்லிவிடுவதே கேட்பவருக்கு நன்மை என்பதை 1961ஆம் ஆண்டிலேயே விளக்கியவர் வில்லியம் விக்ரி. அவருக்கு 1996இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்றே நாளில் அவர் காலமானார்.

ஆகவே விற்பவர் அஞ்ச வேண்டியது ஒன்றுண்டு. பொருளை விரும்புபவர் ஒருவர் மட்டுமேயானால், அவர் மனத்தில் நூறு டொலர் இருந்தாலும் தொடக்க விலைக்கே கொண்டு போய்விடுவார். ஏலத்துக்கு இருவர் வேண்டும். பெரும்பாலும் ஏலமாகவே இருந்த ஈபே 2000ஆம் ஆண்டில் 'இப்பொழுதே வாங்கு' என்னும் குறித்த விலை முறையைச் சேர்த்தது. நாளடைவில் ஏலம் சுருங்கிக் குறித்த விலையே பெருகிற்று. ஏலம் முடிய ஒரு கிழமை காத்திருக்கும் பொறுமையும் பலருக்கு அற்றுப்போயிற்று.

கொப்பிகளைப் பிரித்தோம். பெரும்பாலானவை எங்கும் கிடைக்கும் சாதாரண முத்திரைகள். அவற்றை நூறு நூறாகக் கட்டிக் குறித்த விலையில் வைத்தோம். விக்டோரியா காலத்து நல்ல முத்திரைகள் சில இருந்தன. இவற்றை ஒத்தவை என்ன விலைக்கு விற்றன என்று தேடினோம். 'விற்றன' என்பதை அழுத்திச் சொல்கிறோம். கேட்கும் விலைகளைப் பார்த்து எம் நெஞ்சம் முதலில் துள்ளியது உண்மை. ஆயிரம் பவுண் கேட்பதை எவர் தடுக்க முடியும்?

விற்பனையை மாணாக்கரின் பெயரிலேயே நடத்தினோம். பெயரெடுத்த விற்பனையாளருக்கு விலையும் கூடும். பழைய படத் தபாலட்டைகளை ஒரே விற்பனையாளர் தம் பழைய பெயரிலும் புதுப் பெயர்களிலும் விற்றுப் பார்த்த ஆய்வொன்று 2006இல் வெளிவந்தது. பழைய பெயருக்கு வாங்குவோர் 8.1 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கச் சித்தமாயிருந்தனர்.

இனி எமது பிழை. மூன்றாவது கொப்பியின் பின்னட்டையில் பழைய கடிதவுறைகள் சில செருகியிருந்தன. 1930களில் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலிருந்து மலாயாவுக்குப் போய், எவ்வாறோ திரும்பி வந்த உறையொன்று. அதிலிருந்த முத்திரை மலிவானது என்று கண்டு, நான்கு பவுண் என விலை குறிக்கச் சொன்னோம். இருபது நிமிடத்தில் விற்றுப் போயிற்று. மகிழ்ந்தோம். மறுநாள் வாங்கியவரிடமிருந்து கடிதம் வந்தது: அக்கிராமத்துத் தபாற்கந்தோரின் பொறிப்புள்ள வேறு உறைகள் உண்டா என்று. அவருக்கு வேண்டியிருந்தது முத்திரையன்று. அதன்மேல் விழுந்த மைப்பொறிப்பு. இருபது நிமிடத்தில் விற்ற பொருளுக்கு விலை குறைத்தோம் என்பதைப் பனங்கட்டி விற்கும் பெண்ணும் உடனே அறிந்திருப்பாள். பல்கலைக்கழகப் பட்டம் எமக்குக் கைகொடுக்கவில்லை.

அக்காவிடம் இதைச் சொல்லும்போது எமக்கு நா எழவில்லை. அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "அவரும் அந்த உறைகளைத்தான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பார். ஏனென்று நானும் கேட்கவில்லை" என்றார்.

அதே பொறிப்புள்ள உறை இன்னும் ஒன்று இருந்தது. இம்முறை விலை குறிக்கவில்லை. ஒரு பவுணில் தொடங்கி ஏலத்தில் விட்டோம். இருவராவது வருவர் என்பது எமது நம்பிக்கை. இன்று காலை பார்த்தபோது கேள்வி 31 பவுணில் நின்றது. கேட்பவர் மூவர். உண்மையான போட்டி கடைசி நிமிடத்திலேதான் நிகழும் என்கிறார் மாணாக்கர். முடிவுநேரம் திட்டமாகக் குறிக்கப்பட்ட ஏலங்களில் அறிந்தவர்கள் இறுதிவரை கையை மறைத்தே வைத்திருப்பர் என்று 2002இல் ரோத், ஒக்கன்பெல்ஸ் என்னும் இரு பொருளியலாரும் எடுத்துக் காட்டியிருக்கின்றனர்.

இலண்டனில் இன்றிரவு எட்டு மணிக்கு ஏலம் முடியும். இங்கே அப்பொழுது நள்ளிரவு கடந்துவிடும். அக்காவும் மகளும் எமது வீட்டிலேயே இராச் சாப்பாடு உண்டு விழித்திருப்பதாகச் சொல்லியிருக்கின்றனர்.