பேக்கேஜ் டூர் புண்ணியவான்களே!

கள்ளக்குறிச்சியில இப்ப யாரைக் கேட்டாலும் "அஞ்சு நாள் இலங்கை பேக்கேஜ்"தான். கொழும்பு, கண்டி, நுவரெலியா, பெந்தோட்டை பீச், திரும்பக் கொழும்பு. வந்ததும் "ஸ்ரீலங்காவையே சுத்திட்டேன்"னு பீலா வேற. யாழ்ப்பாணம்? "அது ரூட்ல இல்லீங்க." தீவுகள்? "அப்படி ஒண்ணு இருக்கா?" அடப்பாவிகளா!

மேகம் அருவியில குளிச்சி, நாலு போட்டோ புடிச்சி, சாயங்காலமே கச்சிராயபாளையம் எறங்கிட்டு "கல்வராயன் மலையைப் பாத்தாச்சு"ன்னு வெளியூர்க்காரன் சொன்னா நமக்கு எப்படிப் பத்திக்கிட்டு வருது? 1976 வரைக்கும் அந்த மலை மூணு ஜாகிர்தார்கள் கையில கெடந்தது அவனுக்குத் தெரியாது. மலையாளிப் பழங்குடி ஊர் ஒண்ணுல கால் வெச்சிருக்க மாட்டான். அதே வேலையைத்தான் நாம பக்கத்து நாட்டுல போய்ச் செய்யறோம்.

"தனியாப் போனா பாஷை தெரியாதே"ங்கறாங்க. நல்ல காமெடி. தமிழ் பேசற வடக்கையும் கிழக்கையும் ஒதுக்கிட்டு பாஷைக்குப் பயமாம்! நுவரெலியாவுல கொழுந்து பறிக்கிறவங்க யாரு? வெள்ளைக்காரன் கூட்டிட்டுப் போன நம்ம சனத்தோட வாரிசுங்க. 1948 சட்டத்தால நாடில்லாம நின்ன பரம்பரை. பேக்கேஜ் வேன் அங்க நிக்கறது டீத்தூள் வாங்க மட்டும்.

சொந்தமாத் திட்டம் போடறது பிரம்ம வித்தை இல்லை. நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சி, நின்னு, 2024 ஆகஸ்ட்ல திரும்ப வந்துச்சி. மழைக்காலத்துல நிறுத்திடுவாங்க, விசாரிச்சிட்டு டிக்கெட் போடுங்க. இல்லேன்னா சென்னையிலேர்ந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம். அங்கேர்ந்து பஸ்ஸுல, கடல் நடுவுல போட்ட ரோட்டு வழியா புங்குடுதீவு, குறிகட்டுவான் இறங்குதுறை. படகுல கொஞ்ச நேரத்துல நயினாதீவு. நாகபூசணி அம்மன் கோயிலும் புத்த விகாரையும் ஒரே தீவுல. இன்னொரு படகுல ஒரு மணி நேரம் போனா நெடுந்தீவு. பவளப்பாறைக் கல்லை அடுக்கின மதிலுங்க, கட்டுத்தறி இல்லாம திரியற குதிரைங்க. திரும்பி வர்ற கடைசிப் படகு எத்தனை மணிக்குன்னு முதல்லயே கேட்டு வெச்சுக்குங்க. அப்புறம் வவுனியா, கண்டி, மலையகம், கொழும்புன்னு இறங்கி வரலாம். பத்து நாள் தாராளம்.

வடக்கு, கிழக்குல அக்டோபர் - டிசம்பர் மழை. தென்மேற்குல மே - செப்டம்பர். பிப்ரவரி, மார்ச்ல போனா ரெண்டுலயும் தப்பிக்கலாம்.

அஞ்சு நாள்தான் லீவா? அப்ப கண்டியை விடுங்க. நெடுந்தீவை விடாதீங்க.

டிஸ்கி: வயசான பெத்தவங்களைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு இந்தத் திட்டு செல்லாது. மத்தவங்க பின்னூட்டத்துல வந்து சண்டை போடலாம் :-)